துறைக்கு ஓர் இணைய இடாப்பு



பல்கலைக்கழகம் இருக்கும் இடத்துக்கு மாணவர் செல்வதே நெடுங்கால வழக்கம். இன்றோ பாடம் மாணவரைத் தேடி இணையவழியே வருகின்றது. அதற்கெனப் பல்கலைக்கழகத் துறையொன்று அமைத்துக்கொள்ளும் ஒழுங்கினைப் பாடநெறி முகாமைத்துவ முறைமை என்பர். அஃது எத்தகையது, அதனை எவ்வாறு அமைத்தல் வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

சப்பிரகமுவத் தோட்டங்களில் வாழும் நமக்குச் செக்ரோல் புதியதன்று. அதில் பேர் பதிவோர் ஒருவர், சரிபார்ப்போர் இன்னொருவர், தொழிலாளியோ தமது கணக்கைக் கேட்டறியலாமேயன்றித் திருத்த இயலாது. இம்முறைமையும் அவ்வாறே. விரிவுரையாளர் பாடக்குறிப்புகளை இடுவார், ஒப்படைக்குத் தவணை குறிப்பார், புள்ளி வழங்குவார். மாணவர் குறிப்புகளைப் படிப்பார், ஒப்படையைச் சேர்ப்பிப்பார், தமது புள்ளியைக் காண்பார், பிறர் புள்ளியைக் காணார். சேர்ப்பித்த நாளும் நேரமும் தாமாகவே பதிவாகும். இப்பதிவுகள் யாவும் தரவுத்தளத்தில் இருக்கும். அதனை வழங்கி என்னும் கணினி காத்துநிற்கும். மாணவரின் கைத்தொலைபேசி அவ்வழங்கியிடம் கேட்டுப் பெறும்.

இத்தகைய முறைமையைத் துறை தானே முதலிலிருந்து எழுதவேண்டும் என்பதில்லை. 2002ஆம் ஆண்டு வெளிவந்த மூடில் என்னும் மென்பொருளை எவரும் விலையின்றிப் பெறலாம். தம் தேவைக்கேற்பத் திருத்தலாம். இலங்கைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இதுவே வழங்குகின்றது. இதனை ஆக்கியவர் அவுஸ்திரேலியரான மார்ட்டின் டூகியாமஸ். வானொலி நேயர்கள் மகிழத்தக்க செய்தி ஒன்றுண்டு: மேற்கு அவுஸ்திரேலியாவின் ஒதுக்குப்புறத்தில் வளர்ந்த அவர், சிறுவயதில் சிற்றலை வானொலி வழியே பள்ளிப்பாடம் கற்றவர். தொலைவில் இருக்கும் பிள்ளையின் நிலை அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்நிலை அமைப்போர் யாவருக்கும் தெரிந்திருத்தல் வேண்டும். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொள்ளைநோயால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. மாணவர் லயங்களுக்குத் திரும்பினர். என்னிடம் கற்றுப் பல்கலைக்கழகம் சென்ற மாணவி ஒருத்தி, தேயிலை மலையின் உச்சிப் பாறையில் ஏறியே பாடம் கேட்டாள். பல்கலைக்கழக வழங்கிகளைக் கட்டணமின்றி அணுக அப்போது வசதி செய்யப்பட்டிருந்தது உண்மையே. ஆயினும் அலை எட்டாத இடத்தில் அதனால் என்ன பயன்? ஒருநாள் மழையினால் அவளுடைய ஒப்படை ஏழு நிமிடம் பிந்திற்று. முறைமை வாயிலை அடைத்துவிட்டது. நாள் முழுதும் உழைத்தும் கொழுந்து குறைந்தமையால் அரைப்பேர் பெற்ற தாயின் நிலையே மகளுக்கும் நேர்ந்தது. இடாப்பு பொய் சொல்லவில்லை. எனினும் அவள் மலையேறியதை அது அறியாது.

ஆதலின், முறைமையை அமைக்கும் துறை முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, ‘எம் மாணவருள் மிகத் தொலைவில் இருப்பவர் யார்?’ என்பதே. ஒளிப்பதிவோடு எழுத்துக் குறிப்பும் இடுக. எழுத்து விரைவில் வந்துசேரும். அலை கிடைக்கும்போது இறக்கிவைத்துப் பின்னர் இணையமின்றிப் படிக்க மூடிலின் கைத்தொலைபேசிச் செயலி இடந்தருகின்றது, அவ்வசதியைத் திறந்துவிடுக. தவணையை ஒரு மாணவருக்கு மட்டும் நீட்டவும் அதில் வழியுண்டு. அதற்கு விண்ணப்பிக்கும் முறையை முன்கூட்டியே அறிவித்திடுக. பக்கத் தலைப்புகளையும் அறிவுறுத்தல்களையும் தமிழிலும் காட்டுக.

இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. அமைப்பவர் ஒருமுறை அந்தப் பாறையின்மேல் நின்று, தாம் அமைத்த பக்கத்தைத் திறந்து பார்த்தாற் போதும். அங்கே திறக்கும் பக்கம் எங்கும் திறக்கும்.