சனி, ஞாயிறு, நைனிதால்

தலைநகரில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு லீவு என்றால் ஊர்தான். இருக்கிற லீவையெல்லாம் சேர்த்து வைத்து, கல்யாணம், காதுகுத்து, குலதெய்வக் கும்பிடு என்று ஊரில் செலவழித்துவிட்டுத் திரும்பினால், மீதி வருடத்துக்குக் கையில் நிற்பவை சனியும் ஞாயிறும் மட்டுமே. அந்த இரண்டு நாட்களில் எங்கே போகலாம் என்று சங்கத்தில் சந்திக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்பார்கள். ஆக்ராவும் ஹரித்வாரும் பார்த்தாகிவிட்டது. சிம்லா தூரம். ஏரியும் வேண்டும், மலையும் வேண்டும், திங்கட்கிழமை காலை ஆபீசிலும் இருக்க வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்லும் ஊர் நைனிதால்.

கடந்த நவம்பர் முதல் வாரத்தில் மனைவி, மகள், காரைக்குடியிலிருந்து வந்திருந்த என் தாயார் ஆகியோருடன் போய் வந்தேன். எனக்கு அது நான்காவது முறை. அம்மாவுக்கு வயது எழுபத்திரண்டு, முழங்கால் வலி வேறு. ஆகவே ஏற வேண்டிய படிகளை எண்ணிப் பார்த்துத்தான் திட்டமே போட வேண்டியிருந்தது. அந்தத் திட்டம் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே விவரமாகத் தருகிறேன்.

எப்படிப்பட்ட ஊர்?

"கொடைக்கானல் மாதிரி இருக்குமாப்பா?" என்பது அம்மாவின் முதல் கேள்வி. உயரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். நைனிதால் ஏரி சுமார் 1,940 மீட்டர். ஆனால் நைனிதால் வெகு வடக்கே இருப்பதால் குளிர் அதிகம். சில வருடங்களில் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் பனியும் பெய்யும். இன்னொரு வித்தியாசம்: கொடைக்கானல் ஏரியும் ஊட்டி ஏரியும் வெள்ளைக்காரர்கள் கரை கட்டித் தேக்கியவை. நைனிதால் ஏரி இயற்கையாகவே அமைந்தது. ஏழு மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணத்தின் அடியில், மாங்காய் வடிவத்தில் கிடக்கிறது. நீளம் ஒன்றரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆழமான இடத்தில் 27 மீட்டர்.

தெற்கு முனை தல்லிதால், வடக்கு முனை மல்லிதால். இரண்டையும் இணைப்பது மால் சாலை. வடகரையில் நைனா தேவி கோயில். சதியின் கண் விழுந்த இடம் என்பது ஐதீகம். அத்ரி, புலஸ்தியர், புலஹர் ஆகிய மூன்று முனிவர்கள் குழி தோண்டி, மானசரோவரத்து நீரை அதில் வரவழைத்தார்கள் என்று இன்னொரு கதையும் சொல்வார்கள். வெளியுலகுக்கு இந்த ஊரைத் தெரியப்படுத்தியவர் பேரன் என்ற ஷாஜஹான்பூர் சர்க்கரை வியாபாரி, ஆண்டு 1841. அதன் பிறகு அது ஐக்கிய மாகாணத்தின் கோடைத் தலைநகராயிற்று. புலிவேட்டைக் கதைகளால் நமக்கெல்லாம் பரிச்சயமான ஜிம் கார்பெட் 1875-ல் பிறந்தது இங்கேதான். 2000-ல் உத்தராகண்ட் தனி மாநிலமானதிலிருந்து உயர் நீதிமன்றம் இந்த ஊரில் இருக்கிறது.

எப்போது, எப்படி?

மே பாதியிலிருந்து ஜூன் முடிய வேண்டவே வேண்டாம். தில்லியில் பாதி அங்கே இருக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை மழை. மலைப்பாதையில் மண் சரியும். அக்டோபர் பாதியிலிருந்து நவம்பர் முடியவும், மார்ச், ஏப்ரலிலும் போவது உத்தமம். தசரா, தீபாவளி, மூன்று நாள் சேர்ந்து வரும் விடுமுறை இவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

இரண்டாவது, காரை வீட்டில் விட்டுவிடுங்கள். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். அதுகூடப் பெரிதில்லை, போய்ச் சேர்ந்தபின் வண்டியை நிறுத்த இடம் கிடையாது. கூட்டம் மிகும் நாட்களில் போலீசார் வண்டிகளை அடிவாரத்திலேயே மடக்கி, ஷட்டில் வண்டியில் ஏற்றி அனுப்புகிறார்கள். எங்கள் குடியிருப்பில் ஒரு குடும்பம், சேர்ந்தாற்போல் வந்த விடுமுறையில் காரில் போய், இரண்டு நாளில் ஒன்றேமுக்கால் நாளைக் காருக்குள்ளேயே கழித்துவிட்டுத் திரும்பியது. குழந்தைகளுக்கு நைனிதால் என்றால் இப்போதும் நினைவுக்கு வருவது முன்னால் நின்ற லாரியின் பின்பக்கம்தானாம்.

ரயில்தான் சரி. வெள்ளி இரவு பழைய தில்லி நிலையத்தில் ராணிகேத் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலையில் காட்கோதாம். காட் என்றால் மரம். கோதாம் என்றால் நாம் சொல்லும் குடோன். மலையிலிருந்து இறக்கிய மரங்களை அடுக்கி வைத்த இடம். ரயில் பாதை அங்கே முடிந்து, மலை அங்கே தொடங்குகிறது. திரும்புகையில் ஞாயிறு பிற்பகல் அங்கிருந்து சதாப்தி உண்டு. இரவு சாப்பாட்டு வேளைக்குத் தில்லி வந்துவிடலாம். முதியவர்களுக்குக் கீழ் பர்த் கேட்டு வாங்குங்கள். இட்லியும் மிளகாய்ப் பொடியும், மறுநாளுக்குக் கட்டுச்சோறும் எடுத்துச் செல்வதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

காட்கோதாமிலிருந்து நைனிதால் 35 கிலோமீட்டர். பஸ்ஸும் உண்டு, பங்கு டாக்சியும் உண்டு. ஒன்றரை மணி நேரம் வளைந்து வளைந்து ஏறும். தலைசுற்றல் உள்ளவர்கள் முன் சீட்டில் உட்கார்ந்து, கையில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை

ஏழு, ஏழரைக்கு ஊரில் இருப்பீர்கள். ஓட்டலில் அறை பன்னிரண்டு மணிக்குத்தான் தருவார்கள். அதில் எரிச்சல் கொள்ள வேண்டாம். பெட்டிகளை அங்கே வைத்துவிட்டு, முகம் கழுவிச் சிற்றுண்டி முடித்து, ஸ்னோ வியூவுக்குப் புறப்படுங்கள். பனிமலையைப் பார்க்கக் காலைதான் நல்ல நேரம். பலருக்குத் தெரியாத விஷயம்: ஏரிக்கரையில் நின்றால் பனிமலை தெரியாது. கிண்ணத்தின் விளிம்புக்கு ஏற வேண்டும். மல்லிதாலிலிருந்து ரோப்வே போகிறது. காலை சேவை தொடங்கியதும் முதல் வரிசையில் நில்லுங்கள். உயரம் 2,270 மீட்டர். வானம் தெளிவாக இருந்தால் நந்தா தேவி, திரிசூல், நந்தா கோட் சிகரங்கள் வரிசையாகத் தெரியும். நந்தா தேவியின் உயரம் 7,816 மீட்டர். அம்மா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றார். பிறகு என் மகளிடம், "உங்க ஐயா இருந்தா இதப் பாத்துருப்பாக" என்றார். வெயில் ஏறினால் மேகம் மூடிவிடும். ஆகவே இதைப் பிற்பகலுக்குத் தள்ளிப் போடாதீர்கள்.

பகலில் அறையில் ஓய்வு. 'லேக் வியூ' என்று கூடுதல் வாடகை கேட்டால், பணம் கட்டுமுன் அறைக்குள் போய் ஜன்னலைத் திறந்து பாருங்கள். முன்பொரு தடவை எங்களுக்குக் கிடைத்த ஏரிக் காட்சி, இரண்டு தகரக் கூரைகளுக்கு நடுவே நான்கு விரல் அகலம். முதியவர்கள் இருந்தால் மால் சாலையை ஒட்டியே தங்குங்கள். மேலே உள்ள ஓட்டல்கள் மலிவு, ஆனால் படிக்கட்டுகளுக்குப் பஞ்சமில்லை.

மாலையில் ஏரி. ஒரு படகுச் சவாரி, நைனா தேவி தரிசனம், மால் சாலையில் காலாற நடை. நடக்க முடியாதவர்களுக்கு ரிக்ஷா கிடைக்கும். மெழுகுவர்த்தி இந்த ஊரின் கைத்தொழில். கொலுவில் வைக்கும்படியாகப் பழம், பூ வடிவங்களில் செய்கிறார்கள். அல்மோடாவின் பால் மிட்டாய் இங்கே எல்லாக் கடையிலும் உண்டு. பழுப்பு நிறப் பால்கோவாவின் மேல் வெள்ளைச் சர்க்கரை உருண்டைகள் ஒட்டியிருக்கும். சாப்பாட்டுக்குக் குமாவூன் சமையல் கேளுங்கள். 'ஆலூ கே குட்கே' நம் உருளைக்கிழங்கு வறுவலுக்குத் தங்கை. 'பட்' என்னும் கறுப்பு சோயாவில் செய்யும் குழம்பைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்ட அம்மா, கொள்ளுக் குழம்பு ஞாபகம் வருகிறது என்றார்.

ஊருணி

படகிலிருந்து இறங்கும்போது, இந்த ஊருக்குக் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அம்மா கேட்டார். இந்த ஏரியிலிருந்துதான் என்றேன். அதே நேரம் சற்றுத் தள்ளி ஒரு கூட்டம் கரையில் உட்கார்ந்து, சிப்ஸ் பொட்டலங்களைக் காற்றில் விட்டுக்கொண்டிருந்தது. ஓர் இளைஞர் செருப்போடு தண்ணீரில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இது ஊருணில்ல? ஊருணிக்குள்ள செருப்புக் காலோட எறங்குவாகளா?" என்றார் அம்மா.

சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். குளிக்க, துவைக்க, மாடு கழுவக் கண்மாயும் குளமும் உண்டு. ஊருணி குடிப்பதற்கு மட்டும். அதில் குடம் மட்டும்தான் இறங்கும். நைனிதாலுக்கு இருக்கிற ஊருணி இந்த ஒன்றுதான். அதிலேயே படகும் ஓடுகிறது. அதைப் பார்க்கத்தான் நாம் போகிறோம்.

அந்த ஏரி வெகு நாளாக மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது. 1995-ல் உச்ச நீதிமன்றம் ஒரு பொதுநல வழக்கில் விரிவான உத்தரவு போட்டது: சாக்கடை ஏரியில் கலக்கக் கூடாது, ஊருக்குள் அடுக்குமாடி வணிகக் கட்டடங்கள் எழக்கூடாது, மால் சாலையில் போக்குவரத்தைக் குறைக்க வேண்டும், குதிரைச் சாணம்கூட ஏரியைச் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 2007 முதல் குழாய்கள் மூலம் ஏரியின் அடிமட்டத்துக்குக் காற்று செலுத்துகிறார்கள். அப்படியும் 2017 கோடையில் நீர்மட்டம் வெகுவாக இறங்கி, கரையோரம் சேறு தெரிந்தது. மேலே சூகாதால் என்று மழைக்காலத்தில் மட்டும் நிறையும் ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் தேங்கும் நீர்தான் நிலத்தடி வழியாக ஏரிக்குப் பெருமளவு ஊறுகிறது. அந்தப் பள்ளத்திலேயே கட்டடங்களும் குப்பையும் வந்து சேர்ந்தால் ஏரி எப்படி நிறையும்?

மலையும் உறுதியானதல்ல. 1880 செப்டம்பர் 18 அன்று, இரண்டு நாள் கொட்டிய மழைக்குப் பின், ஷேர்-கா-தண்டா மலைச்சரிவு பெயர்ந்து விழுந்தது. காலையில் முதலில் சிறிதாகச் சரிந்தது. சிக்கியவர்களைப் பலர் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தபோதே பெரும் சரிவு வந்தது. இறந்தவர்கள் 151 பேர். நைனா தேவி கோயிலும் போயிற்று. இப்போதுள்ள கோயில் பின்னர் கட்டியது. அன்று விழுந்த மண் ஏரியின் ஓரத்தை மூடி விரிவாக்கிய மைதானம்தான் ஃபிளாட்ஸ். இன்று பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவதும், சுற்றுலா வண்டிகள் நிற்பதும் அதன்மேல்தான். 2018 ஆகஸ்டில் கீழ் மால் சாலையின் ஒரு பகுதி அப்படியே ஏரிக்குள் சரிந்தது. காரை வீட்டில் விடச் சொன்னது பார்க்கிங் தொல்லைக்காக மட்டுமல்ல.

ஞாயிற்றுக்கிழமை

விடிந்ததும் ஏரியின் மறுகரைக்குப் போங்கள். அங்கே 'டண்டி சடக்', அதாவது குளிர்ந்த சாலை. மரநிழல், சின்னச் சின்னக் கோயில்கள். வண்டிகள் கிடையாது, ஏற்றமும் இல்லை. அம்மா பாதித் தூரம் தாராளமாக நடந்தார். காலை உணவு முடித்துப் பத்து மணிக்கு அறையைக் காலி செய்துவிடுங்கள். திரும்பி வர வேண்டாம். பெட்டிகளோடு டாக்சி பிடித்துப் பவாலி வழியாக 22 கிலோமீட்டரில் உள்ள பீம்தாலுக்குப் போய், அங்கிருந்து நேரே காட்கோதாமுக்கு இறங்கிவிடலாம். பீம்தால் நைனிதாலைவிடப் பெரிய ஏரி. நடுவில் ஒரு தீவு, கரையில் பீமேஸ்வரர் கோயில், 1883-ல் கட்டிய அணை. ஒன்பது மூலைகள் கொண்ட நௌகுசியாதால், காடு சூழ்ந்த சாத்தால் எல்லாம் பக்கத்தில் இருக்கின்றன என்று டாக்சிக்காரர் ஆசை காட்டுவார். இம்முறை ஒன்று போதும். பவாலிக்கு அப்பால் உள்ள கைஞ்சி தாம் ஆசிரமத்துக்கு வரும் கூட்டத்தால் சனி, ஞாயிறுகளில் அந்தச் சாலையில் நெரிசல் அதிகம். ரயிலுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். ஜூன் 15 ஆசிரமத் திருவிழா. அந்த வாரம் அந்தப் பக்கமே திட்டமிடாதீர்கள்.

எடுத்துச் செல்ல: ஸ்வெட்டர், குரங்குக் குல்லாய், மூட்டுவலித் தைலம், வீட்டிலிருந்து தண்ணீர் பாட்டில், குப்பை போட ஒரு துணிப் பை. அந்தப் பையை நிரப்பி, கீழே கொண்டுவந்து போடுங்கள். அறையில் வெந்நீரைத் திறந்து ஓட விடாமல் வாளியில் பிடித்துக் குளியுங்கள். குழாயில் வருவது அந்த ஊருணித் தண்ணீர்தான்.

மார்ச்சில் மலையெல்லாம் புராஞ்சுப் பூ சிவப்பாகப் பூத்திருக்கும். அதில் ஷர்பத்தும் செய்வார்கள். ரயில் முன்பதிவு அறுபது நாளுக்கு முன் திறக்கிறது. காலண்டரை எடுத்து, பக்கத்தில் விடுமுறை எதுவும் ஒட்டிக்கொண்டிராத ஒரு சாதாரண சனி, ஞாயிறாகப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.