கப்பலில் தொடங்கும் முதல் அத்தியாயம்

நாவல் எழுத வேண்டும் என்ற ஆசை பலருக்கு ஆண்டுக்கணக்கில் மனத்துக்குள்ளேயே கிடக்கிறது. அது தாளில் இறங்குவது பெரும்பாலும் அன்றாட வாழ்க்கையின் ஓட்டம் சில நாள்களுக்காவது அறுபடும்போதுதான். நீண்ட நோய், சிறைவாசம், வேலையற்ற மாதங்கள் ஆகியவை இலக்கிய வரலாற்றில் பல முதல் நூல்களுக்கு அத்தகைய இடைவெளியைத் தந்திருக்கின்றன. அந்த வரிசையில் இன்று சுற்றுலாக் கப்பலையும் சேர்க்கலாம். பயணிகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசேர்ப்பதைவிட, கடலில் சில நாள் தங்கியிருப்பதையே விடுமுறையாக விற்கும் இவ்வகைக் கப்பல், தமிழ்நாட்டினருக்கு அண்மைக்காலம்வரை வெளிநாட்டுச் செய்தியாகவே இருந்தது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்ப்ரெஸ்’ என்னும் சுற்றுலாக் கப்பல் புறப்பட்டதும், அடுத்த ஆண்டு ஜூனில் அதே கப்பல் இலங்கைத் துறைமுகங்களுக்கும் சென்றதும் அந்த நிலையை மாற்றின.

இத்தகைய கப்பலில் முதல் நாவலைத் தொடங்கும் வாய்ப்பு தேனி மாவட்டத்தின் வருசநாட்டுக்காரருக்கும் உண்டு என்றால், வருசநாட்டுக்கும் கப்பலுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி எழுவது இயல்பு. மேகமலைத் தொடரின் அடிவாரத்தில், கடமலைக்குண்டும் மயிலாடும்பாறையும் சேர்ந்த அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து எந்தக் கடற்கரைக்குச் செல்வதானாலும் நெடுந்தொலைவு போக வேண்டும். அங்கே பிறக்கும் மூல வைகைகூட ஆண்டின் பெரும்பகுதியில் கடலைத் தொடுவதில்லை, வரும் நீரை இராமநாதபுரத்துக் கண்மாய்கள் வாங்கிக்கொள்கின்றன. ஆயினும் போடிநாயக்கனூரிலிருந்து சென்னைக்கு நேரடி ரயில் ஓடத் தொடங்கியதும், இலங்கைக்குச் சுற்றுலாக் கப்பல் புறப்பட்டதும் ஒரே மாதத்தில், 2023 ஜூனில்தான் நிகழ்ந்தன. தேனியில் இரவில் ரயிலேறும் ஒரு பள்ளி ஆசிரியரோ ஏலக்காய் வணிகரோ மறுநாள் துறைமுகத்தில் நிற்பது இன்று நடக்கக்கூடியதே. அவருடைய கைப்பையில் ஒரு வெற்று நோட்டுப் புத்தகம் இருக்குமானால், அது நிரம்பித் திரும்புமா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

கப்பல் எழுத்துக்குத் தருவதாகச் சொல்லப்படுவது கடற்காட்சி. உண்மையில் தருவது வேறு. கரையை விட்டுச் சில மைல் தொலைவு போனதும் கைப்பேசிக் கோபுரங்களின் எல்லை முடிந்துவிடுகிறது. கப்பலில் கிடைக்கும் இணையத்துக்குத் தனிக்கட்டணம் கொடுக்க வேண்டியிருப்பதால் பெரும்பாலோர் அதைத் தவிர்க்கின்றனர். சமையல், சந்தை, உறவினர் வீட்டு விசேஷம், வயலுக்குத் தண்ணீர் திருப்புவது ஆகிய எதுவும் அங்கே இல்லை, சாப்பாட்டு வேளை மட்டும் தவறுவதில்லை. எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் முழு நாளும் கப்பல் ஓடிக்கொண்டிருக்கும் ‘கடல் நாள்’ எனப்படும் நாள்களில், வெளியே இறங்கிச் சுற்றலாம் என்ற சபலத்துக்கும் வழியில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பயணம் முடியும் தேதி முன்கூட்டியே தெரியும். வேலையை ஒத்திப்போட இடம் தராத இந்த எல்லைதான், கடலின் நீலத்தைக் காட்டிலும், எழுத வருபவருக்குப் பயன்படுகிறது.

இதில் ஓர் உடல்சார்ந்த இடையூறும் உண்டு. கப்பலின் அசைவை உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு உணர்ந்துகொண்டிருக்க, கண்ணோ அசையாத தாளின்மேல் நிலைத்திருப்பதால், மூளைக்கு முரண்பட்ட இரு செய்திகள் போய்ச் சேர்ந்து குமட்டல் உண்டாகிறது. படிப்பதும் எழுதுவதும் அதை மிகைப்படுத்தும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவு. ஆகவே எழுத விரும்புபவர் மேல்தளத்து முகப்பில் பலகணி வைத்த விலையுயர்ந்த அறையைவிட, நடுவில் அமைந்த மலிவான அறையையே நாடுவது நல்லது. இலக்கியம் செலவைக் குறைக்கும் அரிய சந்தர்ப்பங்களுள் இதுவும் ஒன்று.

கப்பலில் எழுதப்பட்ட இந்திய நூல்களுள் மிகப் புகழ்பெற்றது நாவல் அன்று, ஆயினும் அது தன் ஆசிரியரின் தொடக்கக்கால நூலே. 1909 நவம்பரில் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த மோகன்தாஸ் காந்தி, ‘கில்டோனன் காஸில்’ என்ற கப்பலில் 13ஆம் தேதிக்கும் 22ஆம் தேதிக்கும் இடையே ‘ஹிந்த் ஸ்வராஜ்’ நூலைக் குஜராத்தியில் எழுதி முடித்தார். கப்பல் நிறுவனத்தின் தாள்களிலேயே எழுதப்பட்ட அந்தக் கைப்பிரதி 275 பக்கம் கொண்டது. வலக்கை சோர்ந்தபோதெல்லாம் இடக்கையால் எழுதியதால், ஏறத்தாழ 40 பக்கங்கள் வேறு எழுத்தமைதியில் காணப்படுகின்றன. பத்து நாளில் ஒரு நூல் என்ற செய்தி வியப்பூட்டினாலும், அதற்கு முந்தைய மாதங்களில் அவர் லண்டனில் புரட்சியாளர்களுடனும் அரசியலாளர்களுடனும் ஓயாமல் வாதிட்டுக்கொண்டிருந்தார் என்பதை மறக்கலாகாது. வாசகரும் ஆசிரியரும் உரையாடுவதாக அமைந்த அந்நூலின் வாதங்கள் கரையிலேயே விளைந்திருந்தன. கப்பல் அவற்றை இறக்கிவைக்க இடம் கொடுத்தது.

முதல் நாவல் என்ற நோக்கில் பார்த்தால் ஜோசப் கான்ராடின் வரலாறே நெருக்கமானது. போலந்துக் குடும்பத்தில் 1857இல் பிறந்து, இருபது வயதைக் கடந்த பிறகே ஆங்கிலம் கற்று, ஆங்கிலேய வணிகக் கப்பல்களில் அதிகாரியாக உயர்ந்த அவர், ‘ஆல்மேயர்ஸ் ஃபாலி’ என்ற தம் முதல் நாவலைத் தொடங்கியது கப்பலில் அன்று. 1889இன் இலையுதிர்காலத்தில், வேலையில்லாமல் லண்டனில் ஒரு வாடகை அறையில் தங்கியிருந்தபோது, முன்திட்டம் எதுவுமின்றி அதன் முதல் பக்கங்களை எழுதினார். அதற்குப் பிறகு அந்தக் கைப்பிரதி அவருடன் ஐந்தாண்டுகள் உலகைச் சுற்றியது. 1890இல் அவர் ஆப்பிரிக்காவின் காங்கோவுக்குப் போனபோது, ஆற்றின் ஒரு திருப்பத்தில் ஓடத்தோடு மூழ்கிப்போக இருந்தது. பின்னர் பெர்லினின் ரயில் நிலையம் ஒன்றில் பையோடு விடுபட்டுப்போகப் பார்த்தது.

அந்த நாவலின் முதல் வாசகர் கிடைத்தது கப்பலில்தான். லண்டனுக்கும் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுக்கும் இடையே ஓடிய ‘டோரன்ஸ்’ என்ற பாய்மரப் பயணிக் கப்பலில் கான்ராட் 1891 முதல் 1893 வரை முதல் துணை அதிகாரியாகப் பணியாற்றினார். காசநோயால் மெலிந்து, கடற்காற்றை நாடி வந்திருந்த ஜாக்ஸ் என்ற கேம்பிரிட்ஜ் பட்டதாரியிடம் அவர் தயங்கித் தயங்கிக் கைப்பிரதியைக் கொடுத்தார். மறுநாள் அதைத் திருப்பித் தந்த ஜாக்ஸிடம், இது முடிக்கத் தகுந்ததா, கதை தெளிவாக விளங்குகிறதா என்ற இரண்டையும் கான்ராட் கேட்டார். இரண்டுக்கும் ஆம் என்ற பொருளில் சுருக்கமான விடை வந்தது. விரிவான விமர்சனம் எதையும் சொல்லாத அந்த இளைஞர் சில காலத்திலேயே இறந்துபோனார். அதே கப்பலில் 1893இல் அடிலெய்டிலிருந்து திரும்பிய பயணிகளுள் ஒருவர், அப்போது எதுவும் எழுதியிராத ஜான் கால்ஸ்வொர்த்தி என்ற இளம் வழக்கறிஞர். 1932இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் அவரே. கான்ராடின் நாவல் பிரான்ஸின் ரூவான் துறைமுகத்தில் நின்றிருந்த இன்னொரு கப்பலில் பத்தாம் அத்தியாயத்தை எட்டி, 1894இல் முடிந்து, 1895இல் வெளிவந்தது.

கவனிக்கத்தக்க செய்தி ஒன்று இதில் உள்ளது. கடலிலேயே வாழ்ந்த மனிதர் கப்பல்களில் சுமந்து திரிந்த அந்த முதல் நாவல் கடலைப் பற்றியதன்று. போர்னியோத் தீவில், ஓர் ஆற்றங்கரையில் செல்வக் கனவு கண்டு நொடித்துப்போகும் டச்சு வணிகர் ஒருவரைப் பற்றியது. எழுதுபவர் எதனிடமிருந்து விலகி நிற்கிறாரோ அதுவே தெளிவாகத் தெரிகிறது என்ற கருத்துக்கு இது சான்று. அதே கருத்தைத் தலைகீழாக உறுதிசெய்கிறது ப. சிங்காரத்தின் வாழ்க்கை. சிங்கம்புணரியில் 1920இல் பிறந்து, 1938இல் கப்பலேறி இந்தோனேசியாவின் மேடானுக்கு வட்டிக்கடை வேலைக்குப் போன அவர், போர்க்கால மலேயாவையும் சுமத்ராவையும் கண்டு 1946இல் ஊர் திரும்பினார். கடல் கடந்த அந்த வாழ்வை அவர் எழுதியதோ மதுரையில், நாளிதழ் வேலைக்கிடையில். முதல் நாவலான ‘கடலுக்கு அப்பால்’ 1950இல் எழுதப்பட்டும் பதிப்பாளர் கிடைக்காமல் காத்திருந்து, 1959இல் கலைமகள் பரிசு பெற்ற பிறகே வெளிச்சத்துக்கு வந்தது. ‘புயலிலே ஒரு தோணி’க்குக் காத்திருப்பு இன்னும் ஒரு பத்தாண்டு. கடலில் இருந்தவர் ஆற்றங்கரையையும் வைகைக்கரையில் இருந்தவர் கடலையும் எழுதியிருக்கின்றனர். ஆகவே, வருசநாட்டிலிருந்து கப்பலேறுபவர் கப்பலைப் பற்றி எழுதியாக வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் எழுதவும் முடியாது. உணவுக்கூடமும் நீச்சல் குளமும் இரவுக் கலைநிகழ்ச்சியும் எல்லாக் கப்பல்களிலும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

தொடங்குவது எளிது, தொடர்வது அரிது என்பதற்கும் கப்பல் வரலாற்றிலேயே சான்று உண்டு. அமெரிக்காவிலிருந்து இன்பப் பயணத்துக்கென்றே ஏற்பாடான முதல் பெரிய கடற்சுற்றுலாக்களுள் ஒன்று, 1867இல் நியூயார்க்கிலிருந்து ஐரோப்பாவுக்கும் புனித பூமிக்கும் சென்ற ‘குவேக்கர் சிட்டி’ கப்பலின் பயணம். அதில் செய்தியாளராகச் சென்ற மார்க் ட்வெய்ன், முதல் வாரங்களில் பயணிகள் இரவு வழிபாடு முடிந்ததும் விளக்கடியில் வரிசையாக அமர்ந்து நாட்குறிப்பு எழுதியதையும், சிறிது காலத்திலேயே அந்த ஊக்கம் வற்றிப்போனதையும் ‘தி இன்னொசென்ட்ஸ் அப்ராட்’ நூலில் கேலியாக விவரித்தார். அவருடைய எழுத்து மட்டும் நிற்கவில்லை. காரணம் எளிது, கடிதங்களை அனுப்புவதாகச் செய்தித்தாளிடம் ஒப்புக்கொண்டு, அதற்கான பயணச் செலவையும் பெற்றிருந்தார். அந்தக் கடிதங்களே 1869இல் நூலாகி அவருக்குப் பெரும்புகழ் தந்தன.

தமிழ் நாவலின் தொடக்கக்காலத்தில், எழுதுபவரை நிறுத்தவிடாத இதே வேலையைச் செய்தது மாத இதழ். திண்டுக்கல்லிலிருந்து தேனிக்குப் போகும் வழியில் உள்ள வத்தலக்குண்டில் 1872இல் பிறந்த பி.ஆர். ராஜமய்யர், ‘கமலாம்பாள் சரித்திரம்’ என்று அறியப்படும் தம் ஒரே தமிழ் நாவலை 1893 முதல் 1895 வரை ‘விவேகசிந்தாமணி’ இதழில் தொடராக எழுதினார். இருபத்தொரு வயதில் தொடங்கிய அதை ஒவ்வோர் இதழுக்கும் எழுதிக் கொடுத்தாக வேண்டிய கட்டாயமே முடிக்கவைத்தது எனலாம். 1896இல் அது நூலாக வந்தது, அதன் ஆசிரியர் 1898இல் மறைந்தார். தொடர்கதைக்காரர் கரையில் இருந்துகொண்டே தமக்கு ஒரு கெடு ஏற்படுத்திக்கொள்கிறார். ஆர்.கே. நாராயண் 1930இல் பெங்களூரில், பாட்டி குறித்துக் கொடுத்த விஜயதசமி நாளில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி ‘சுவாமியும் நண்பர்களும்’ நாவலைத் தொடங்கியதும் ஒருவகையில் அத்தகைய கெடுதான், நாள் பார்த்துத் தொடங்கியதைக் கைவிட யாருக்கும் எளிதில் மனம் வராது.

தேனிப் பகுதியின் எழுத்தாளர்கள் பெரும்பாலும் விடுமுறை எடுத்து எழுதியவர்கள் அல்லர். அல்லிநகரத்து ம. காமுத்துரையின் ‘மில்’ நூற்பாலைத் தொழிலாளரின் உலகிலிருந்து வந்தது. தேனி சீருடையானின் ‘நிறங்களின் உலகம்’ பார்வையிழந்த சிறுவனின் வாழ்வை உள்ளிருந்து சொன்னது. போடிக்கருகிலுள்ள அம்மாபட்டியில் பிறந்த சு. வேணுகோபாலின் முதல் நாவலான ‘நுண்வெளிக் கிரணங்கள்’ வேளாண் குடும்பங்களின் வாழ்வைத் தொட்டது. கண்டமனூர் ஜமீனைப் பற்றி வடவீர பொன்னையா எழுதிய ‘வருசநாட்டு ஜமீன் கதை’, நாவல் அன்று எனினும், அந்த நிலப்பகுதியின் கதைகளுக்குத் தமிழ்நாடெங்கும் வாசகர் உண்டு என்பதைக் காட்டியது. வைகை அணைக்காக நிலமிழந்த மக்களை வைரமுத்து ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ ஆக்கி 2003இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். பொருளுக்குப் பஞ்சமில்லாத பகுதி இது, பற்றாக்குறையெல்லாம் நேரத்துக்குத்தான்.

ஆகவே கப்பலேறும் வருசநாட்டுக்காரர் உடன் கொண்டுபோக வேண்டியது கதைக்கரு அன்று, விவரங்கள். இலவங்காய் முற்றும் கோடையில் துறட்டியால் பறிப்பவருக்கும் கீழே பொறுக்குபவருக்கும் கூலி எப்படிப் பிரிகிறது, காய்ந்த காயை உடைத்து விதையையும் பஞ்சையும் பிரிக்கும் கொட்டகையில் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்ட பெண்கள் எதைப் பற்றிப் பேசுகின்றனர், காட்டோரத் தோட்டத்துக்காரருக்கும் வனத்துறைக்கும் இடையே எல்லைக்கல் எங்கே நிற்கிறது என்பன போன்றவற்றை ஊரிலேயே கேட்டுக் குறித்துவைத்திருந்தால், கடல் நாளின் காலையில் அவற்றிலிருந்து ஓர் அத்தியாயத்தை எழுதிவிட முடியும். கப்பலில் அமர்ந்துகொண்டு அவற்றை நினைவிலிருந்து தேடத் தொடங்கினால், ஊருக்குத் தொலைபேசியில் கேட்கவும் வழியிருக்காது. இரண்டாம் அத்தியாயத்தை எந்தத் தேதிக்குள் யாரிடம் காட்டுவது என்பதையும் இறங்குவதற்கு முன்பே முடிவுசெய்துகொள்வது நல்லது. டோரன்ஸில் கிடைத்தது போன்ற வாசகர் அடுத்த அறையிலேயே இருக்கவும் கூடும்.