பழைய ஜிபிஎஸ்ஸுக்குள் ஒரு கடல்

ராக்கெட் ஏவும் நாள் என்றால் பழவேற்காட்டு மீனவர்களுக்கு முன்கூட்டியே அறிவிப்பு வந்துவிடும்: கடலுக்குப் போகக் கூடாது. ஸ்ரீஹரிகோட்டா தீவு பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில்தான் கிடக்கிறது. லைட்ஹவுஸ் குப்பத்துக் கரையில் நின்றாலே வடக்கே நெருப்பு எழுவது தெரியும். சத்தம் சற்றுப் பிந்தி வந்து நெஞ்சில் அதிரும். 2023 மே 29 அன்று அப்படி எழுந்த ஜிஎஸ்எல்வி, என்விஎஸ்-01 என்ற வழிகாட்டிச் செயற்கைக்கோளைச் சுமந்து போனது. நம் நாட்டின் நாவிக் அமைப்பில் எல்1 அலைவரிசையைக் கொண்ட முதல் செயற்கைக்கோள் அது. முந்தையவை எல்5, எஸ் அலைவரிசைகளில் மட்டும் பேசின. சாதாரணக் கைபேசிகள் பெரும்பாலானவற்றால் அவற்றைப் பிடிக்க முடியவில்லை. இனி வரும் கருவிகளுக்கு அந்தச் சிரமம் குறையும். ஆனால் படகுப் பெட்டியில் பல வருடமாகக் கிடக்கும் பழைய ஜிபிஎஸ்ஸுக்கு நாவிக்கின் குறியீடு புரியாது. கண்ணெதிரே ராக்கெட் மேலே போகிறது. கையிலிருக்கும் கருவி அன்றைக்கு இன்னும் கொஞ்சம் பழசாகிறது.

புதுக் கருவி வாங்குவதில் மகிழ்ச்சி இல்லாமல் இல்லை. திரை பெரிது, வெளிச்சம் அதிகம், வரைபடம் வண்ணத்தில் தெரியும். ஆனாலும் பழையதைக் கடைக்காரரிடம் நீட்டும்போது கை தயங்கும். வீட்டில் இளையவர்கள் இதைப் பெரியவர்களின் பிடிவாதம் என்பார்கள். உளவியல் நூல்களிலும் இதற்கு ஒரு பெயர் உண்டு. அந்தத் தயக்கத்தைக் கொஞ்சம் மரியாதையோடு பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது.

ஏரிக்குள் மீன் பிடிப்பவருக்கு ஜிபிஎஸ் தேவையில்லை. சராசரியாக ஒரு மீட்டர் ஆழமே உள்ள நீர். எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்பதைத் தலைமுறைகளாக வந்த ‘பாடு’ முறை தீர்மானிக்கிறது. முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போகிறவர் கதை வேறு. கரை அடையாளங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்து இடம் கண்டவர்கள் அவர்கள். கலங்கரை விளக்கம், பனங்காடு, தெற்கே வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள்: எது எதற்கு நேரே வந்தால் கீழே பாறை இருக்கும் என்பது அப்பா மகனுக்குக் காட்டிக் கொடுத்தது. கரை மறைந்த பிறகு அந்த அறிவுக்குப் பிடிமானம் குறைந்துவிடும். ஜிபிஎஸ் வந்து நிரப்பியது அந்த இடத்தைத்தான்.

2000 மே 1 வரை அமெரிக்கா தன் ஜிபிஎஸ் சமிக்ஞையில் பொதுமக்களுக்கென்று வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பியது. நூறு மீட்டர் வரைக்கும் இடம் தவறும். கடலடிப் பாறையான சின்னப் பார் ஒன்றைத் தேடிப் போகிறவருக்கு நூறு மீட்டர் பிழை என்றால் அந்தப் பார் கிடைக்காது. அந்தக் கலப்படத்தை நிறுத்திய பிறகு பிழை பத்து மீட்டர் அளவுக்கு இறங்கியது. அதற்குப் பிறகே ‘பாயிண்ட் போடுவது’ என்ற வேலைக்கு அர்த்தம் வந்தது. மீன் நிறையக் கிடைத்த பார், வலை சிக்கிக் கிழிந்த இடம், கீழே ஏதோ மூழ்கிக் கிடக்கும் இடம், ராத்திரியில் முகத்துவாரத்துக்குள் நுழையும் வழி என்று ஒவ்வொன்றையும் பொத்தானை அழுத்திக் குறித்து வைப்பார்கள். ஒவ்வொரு குறிக்குப் பின்னாலும் ஒரு நாள் டீசல், சில நேரம் ஒரு வலை, ஒரு ராத்திரி உழைப்பு இருக்கிறது. வருடங்கள் போகப் போக அந்தச் சின்னப் பெட்டிக்குள் அந்தக் குடும்பத்தின் கடல் சேர்ந்துவிடுகிறது. அதில் பாதியைப் பக்கத்துப் படகுக்காரரிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

1990-ல் டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் வெளியிட்ட சோதனை ஒன்று புகழ்பெற்றது. மாணவர்களில் ஒரு பகுதியினருக்குக் காபிக் கோப்பையைக் கொடுத்து, விற்பதானால் என்ன விலை என்று கேட்டார்கள். ஏறக்குறைய ஏழு டாலர் என்றார்கள். கோப்பை கிடைக்காதவர்கள் அதே கோப்பைக்கு மூன்று டாலர்தான் தரத் தயாராக இருந்தார்கள். தன்னுடையது என்று ஆன உடனே பொருளின் மதிப்பு ஏறிவிடுகிறது என்பது முடிவு. பொருளாதார அறிஞர்கள் இதை மனத்தின் சாய்வு என்று வகைப்படுத்துகிறார்கள். கோப்பைக்கு அது சரி. அதில் யாரும் ஒரு ராத்திரியைச் சேமித்து வைக்கவில்லை. பழைய ஜிபிஎஸ்ஸுக்குக் கடைக்காரர் சொல்லும் விலை பிளாஸ்டிக்குக்கும் திரைக்கும் உரியது. மீனவர் மனத்திலிருக்கும் விலை உள்ளே இருக்கும் குறிகளுக்கு உரியது. இரண்டு பேரும் வேறு வேறு பொருளை விலை பேசுகிறார்கள்.

கைக்கும் இதில் பங்குண்டு. ஜப்பானில் அட்சுஷி இரிக்கியும் அவருடைய குழுவினரும் 1996-ல் குரங்குகளுக்குச் சின்னத் துழாவுகோலைக் கொடுத்து எட்டாத உணவை இழுக்கப் பழக்கினார்கள். பழகிய பிறகு, கையைச் சுற்றியுள்ள வெளியைக் கவனித்துக்கொண்டிருந்த மூளை நரம்பணுக்கள் சில, கோலின் நுனி வரைக்கும் தங்கள் எல்லையை நீட்டிக்கொண்டன. பழகிய கருவியை மூளை உடம்பின் பகுதிபோல் கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்பதற்கு இது முதல் சான்றுகளில் ஒன்று. அலையில் படகு ஆடும்போது, கை ஈரம், இருட்டு. பொத்தான் வைத்த கருவியைப் பார்க்காமலே இயக்கலாம். விரலுக்கு இடம் தெரியும். தொடுதிரையோ உப்புத்தண்ணீர்த் துளியையும் விரலையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு தடுமாறும். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்துகிறது, விரலும் கடத்துகிறது, திரைக்கு வித்தியாசம் தெரிவதில்லை. பழைய கருவிதான் கைக்கு வாகு என்று ஒருவர் சொன்னால் அவர் அளந்து பார்த்த உண்மையைச் சொல்கிறார்.

சாதாரணக் கைபேசிகளிலும் இதே கதை நடந்தது. 2003-ல் வந்த நோக்கியா 1100 தலையில் ஒரு டார்ச்சும், தூசி புகாத ரப்பர் விசைப்பலகையும் கொண்டது. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. நோக்கியா 2006-ல் ஸ்ரீபெரும்புதூரிலேயே ஆலை தொடங்கியது. 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. நம் பெண்கள் ஷிப்டு ஷிப்டாக வேலை பார்த்த ஆலை அது. அந்தக் காலத்துக் கைபேசிகள் மீனவர்களுக்கு என்ன செய்தன என்பதை ராபர்ட் ஜென்சன் கேரளத்தின் வட கடற்கரையில் ஆராய்ந்து 2007-ல் எழுதினார். எந்தக் கரையில் மத்திக்கு விலை இருக்கிறது என்று கடலிலிருந்தே கேட்க முடிந்ததும், விற்காமல் வீசிய மீன் ஏறக்குறைய இல்லாமல் போனது. மீனவர் லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவர் கொடுத்த விலையோ 4 சதவீதம் குறைந்தது. முதல் கைபேசி பிழைப்பையே மாற்றியது. ஐந்தாவது கைபேசி அப்படி எதையும் மாற்றுவதில்லை. முதலாவதின் மீது இருக்கும் பற்று அதனால்தான் வேறு மாதிரி.

இவ்வளவு சொன்ன பிறகும், பழையதையே வைத்துக்கொண்டிருக்கலாம் என்று சொல்ல முடியாது. உப்பு விடாது. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவு உப்பு. கோடையில் ஏரியின் சில பகுதிகளில் அதைவிட அதிகம். ஈரமான கைபேசியை அரிசியில் புதைத்து வைப்பது நம் வீடுகளில் வழக்கம். அரிசி தண்ணீரை இழுத்தாலும் உப்பை இழுக்காது. உப்பின் குணம் இன்னும் மோசமானது: காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு தானே தண்ணீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். பழவேற்காட்டில் அதற்குக் கீழே காற்று காய்வது அரிது. ஆகவே ஒரு முறை உப்புத்தண்ணீர் புகுந்த கருவி, வெளியே உலர்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே ஈரமாகவே இருக்கிறது. அந்த ஈரத்தில் மின்சாரம் பாயும்போது உலோகம் ஒரு பக்கம் கரைந்து மறு பக்கம் மெல்லிய கிளைகளாக வளர்ந்து சுற்றுகளை இணைத்துவிடும். தண்ணீர் புகாது என்பதற்கு அடையாளமாக ஐபி68 என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பிக் கடலுக்குக் கொண்டுபோகக் கூடாது. அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. விழுந்துவிட்டால் உடனே அணைத்து, முடிந்தால் பேட்டரியைக் கழற்றி, பொன்னேரியிலோ வேறு எங்கோ பழுது பார்ப்பவரிடம் கொடுத்து உள்பலகையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவச் சொல்ல வேண்டும்.

வானமும் காத்திருக்காது. ஜிபிஎஸ் 1980 ஜனவரி 6-லிருந்து வாரங்களை எண்ணுகிறது. பழைய கருவிகளுக்கு அனுப்பும் எண்ணில் 1,024 வாரங்களுக்குத்தான் இடம். அது நிரம்பினால் மறுபடி பூஜ்யம். 1999 ஆகஸ்டில் ஒரு முறை நிரம்பியது, 2019 ஏப்ரல் 6-ல் இரண்டாம் முறை. அன்றைக்குப் பிறகு பழைய கருவிகள் சில ஏறக்குறைய இருபது வருடம் பின்னால் போய்த் தேதி காட்டின. செயற்கைக்கோளுக்கும் மூப்பு உண்டு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2013 ஜூலை 1 அன்று போன முதல் வழிகாட்டிச் செயற்கைக்கோளின் அணுக் கடிகாரங்கள் மூன்றும் சில வருடங்களில் நின்றுபோயின. மாற்றாக 2017 ஆகஸ்டில் அனுப்பியதோ வெப்பக் கவசம் திறக்காமல் வீணானது. 2018 ஏப்ரலில்தான் அடுத்தது போய்ச் சேர்ந்தது. பாதுகாப்பு என்று வந்தால் புதுக் கருவியின் பக்கம் நியாயம் இன்னும் கூடுகிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மாவட்ட மீனவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. கரையிலிருந்து வெகு தூரம் போய்விட்டால் கைபேசி கோபுரத்தின் சமிக்ஞை எட்டாது. கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸின் ஜெமினி கருவி 2019-ல் அதற்காகவே வந்தது. செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையை வாங்கி, பக்கத்திலிருக்கும் ஸ்மார்ட்போனுக்குத் தரும். பொத்தான் கைபேசிக்கு அதைப் பெறும் வழியில்லை.

பழசில் ஒன்றுக்கு மட்டும் இன்னும் வாதாடுவேன்: டிரான்சிஸ்டர். மத்திய அலை வானொலியின் சமிக்ஞை நிலத்தைவிடக் கடல்மீது வெகு தூரம் போகும், உப்பு நீர் நிலத்தைவிடப் பல நூறு மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்துவதால். கைபேசியில் கோடு இல்லாத இடத்திலும் சென்னை வானொலியின் வானிலை அறிக்கை கேட்கும். அதைத் தூக்கிப் போட எந்த அவசியமும் இல்லை.

சில கைபேசிகளை யாரும் பயன்படுத்துவதில்லை, விற்பதுமில்லை. துணியில் சுற்றிப் பெட்டிக்குள் இருக்கும். அதில் போய்விட்ட ஒருவரின் குரல் இருக்கிறது, அல்லது கடைசியாக அனுப்பிய செய்தி. அதை வைத்திருப்பவரிடம் மாற்றச் சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது. ஒன்றை மட்டும் அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். கைபேசியின் நினைவகம், மின்னணுக்களை மிகச் சிறிய அறைகளில் அடைத்து வைப்பதன் மூலம் குரலைச் சேமிக்கிறது. அந்த மின்னணுக்கள் மெல்லக் கசியும்; சூடு அதிகமானால் வேகமாகக் கசியும். தயாரிப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் உத்தரவாதம் பத்து வருடம் அளவுக்குத்தான். தகரக் கூரைக்குக் கீழே பெட்டியில் பூட்டி வைத்தால் குரல் பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கை தவறு. லித்தியம் பேட்டரியும் சும்மா கிடந்தே கெடும், வாயு சேர்ந்து உப்பும். உப்பிய பேட்டரியை சார்ஜில் போடவே கூடாது. இன்றே அந்தக் குரலை வேறு இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். பிறகு பேட்டரியை மட்டும் கழற்றி, மின்கழிவு வாங்குபவரிடம் தனியாகக் கொடுத்துவிடலாம். வெறும் கூடு பெட்டியிலேயே இருக்கட்டும்.

பிரதி எடுப்பது மனத்தையும் இளக்கும் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழக விடுதிகளில் கேரன் வின்டரிச்சும் உடன் ஆய்வாளர்களும் பழைய பொருள்களைத் தானம் கேட்டார்கள். சில விடுதிகளில் வெறுமனே கேட்டபோது 533 பொருள்கள் வந்தன. மற்றவற்றில், மனத்துக்கு நெருக்கமானவற்றைப் படம் எடுத்துக்கொண்டு கொடுங்கள் என்றார்கள், 613 வந்தன. 2017-ல் வெளியான ஆய்வு இது. பொருளைப் பிடித்துக்கொண்டிருந்தது நினைவு போய்விடுமோ என்ற பயம் என்றுதான் நானும் அதை வாசிக்கிறேன். பழவேற்காட்டில் படம் போதாது; பாயிண்ட் வேண்டும். மானியத்தில் புதுக் கருவி கொடுக்கும் திட்டம் எதுவானாலும், பழைய குறிகளை மாற்றித் தரும் வேலையையும் சேர்த்தே செய்ய வேண்டும். விற்பனைக் கடைகளும் அதைச் சேவையாகச் செய்யலாம்.

அதுவரை நோட்டும் பேனாவும் போதும். ஒவ்வொரு பாயிண்டையும் எழுதும்போது ஓர் எச்சரிக்கை. பழைய கருவிகள் பல, பாகைக்குப் பிறகு கலை (மினிட்) என்ற கணக்கில் காட்டும்; கைபேசிச் செயலிகள் பெரும்பாலும் பாகையை மட்டும் தசமத்தில் காட்டும். 13 பாகை 25.50 கலை என்பதை அப்படியே 13.2550 என்று தட்டினால் தப்பு. 25.50-ஐ 60-ஆல் வகுத்து 13.4250 என்று போட வேண்டும். தப்பாகப் போட்டால் இடம் தெற்கே ஏறக்குறைய 19 கிலோமீட்டர் நகர்ந்துவிடும். எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் கணக்கை அதனிடமே கொடுக்கலாம். முதல் சில மாதம் இரண்டு கருவிகளையும் படகில் கொண்டுபோய், தெரிந்த பார் ஒன்றின்மேல் நிறுத்தி ஒப்பிட்டுப் பாருங்கள். இருபது மீட்டர் வித்தியாசம் என்றால் கவலையில்லை, இரண்டு கருவிகளின் பிழையுமே சேர்ந்து அவ்வளவு வரும். கிலோமீட்டர் கணக்கில் விலகினால் நோட்டைத் திறந்து, எந்த வரியில் வகுக்க மறந்தோம் என்று தேட வேண்டும்.