காலைக் கடனும் இரவுக் கடனும்

பல் துலக்குவது காலைக் கடன்களுள் ஒன்று என்று சிறு வயது முதலே நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்னும் பழமொழியை அறியாதவர் நம்மிடையே இலர். ஆயினும் காலையில் தவறாது பல் துலக்கி வந்த நான், இருபது வயது நிரம்பும் முன்பே ஒரு கடைவாய்ப் பல்லை இழந்தேன். அதன் காரணத்தை நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் ஊர் பழனி மலைத்தொடரில், கோடைக்கானலை அடுத்த பூம்பாறை. மார்கழி, தை மாத இரவுகளில் இங்கு வெப்பநிலை 10 டிகிரி செல்சியசுக்கும் கீழே இறங்கிவிடும். சாப்பாடு முடிந்ததும் கம்பளிக்குள் புகத் தோன்றுமே தவிர, பனிக்கட்டி போன்ற தண்ணீரில் பல் துலக்க யாருக்கு மனம் வரும்? எங்கள் வீட்டில் அந்த வழக்கமே இல்லை. பல்லைப் பிடுங்கிய மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, ராத்திரியில் பல் விளக்குவதுண்டா?" என்பதுதான்.

பல் எவ்வாறு கெடுகிறது?

நம் வாயில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. பல்லில் ஒட்டிய இனிப்பையும் மாவுப் பொருளையும் அவை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் எனாமல் என்னும் மேற்பூச்சைக் கரைக்கிறது. பகலில் உமிழ்நீர் இந்த அமிலத்தைத் தணித்து, கரைந்த சுண்ணாம்புச் சத்தையும் ஓரளவு திருப்பித் தருகிறது. தூக்கத்திலோ உமிழ்நீர் சுரப்பது மிகக் குறைந்துவிடும். ஆகவே இரவு உணவின் மிச்சம் விடியும்வரை தடையின்றித் தன் வேலையைச் செய்கிறது. எனாமலில் நரம்பு இல்லாததால் தொடக்கத்தில் வலியும் தெரியாது. வலி தெரியும்போது பள்ளம் ஆழமாகியிருக்கும். அது தானாக மூடாது.

நம் மலையின் புகழ் பெற்ற தின்பண்டங்களையே பாருங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்தில் மலை வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சம்பழம், தேன் எல்லாம் சேர்ந்துள்ளன. கோடைக்கானல் கடைகளிலோ சாக்லேட் குவிந்திருக்கிறது. இவற்றை உண்ணக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இவை பல்லிடுக்கில் ஒட்டிக்கொள்பவை. உண்டவுடன் வாய் கொப்பளிக்க வேண்டும். ஒட்டியது இரவு தங்க விடலாகாது.

ஈறும் பல்லின் வேரே

சுத்தம் செய்யாத படலம் இறுகிப் பற்காரையாகிறது. ஈறு வீங்கி இரத்தம் கசிகிறது. இரத்தத்தைக் கண்டு துலக்குவதை நிறுத்துவோர் பலர். அது தவறு. பெரும்பாலும் சரியாகத் துலக்காததாலேயே இரத்தம் வருகிறது. மென்மையாகத் தொடர்ந்து துலக்க வேண்டும். இரண்டொரு வாரத்தில் நிற்காவிடில் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

துலக்கும் முறை எளிது. மென்மையான பிரஷ்ஷை ஈறும் பல்லும் கூடும் இடத்தில் சாய்த்து வைத்து, சிறு அசைவுகளாக, உள்பக்கமும் வெளிப்பக்கமும் இரண்டு நிமிடம் துலக்க வேண்டும். பட்டாணி அளவு புளோரைடு பற்பசை போதும். நுரையைத் துப்பியபின் தண்ணீரால் நிறையக் கொப்பளிக்காமல் விட்டால், புளோரைடு பல்லில் தங்கி எனாமலை வலுப்படுத்தும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை பிரஷ்ஷை மாற்றுவது நன்று. செங்கல் தூள், கரித்தூள், மணல் ஆகியவை பல்லைத் தேய்த்துவிடும். புகையிலை கலந்த பற்பொடியை மத்திய அரசு 1992இலேயே தடை செய்துவிட்டது. வெறும் புகையிலையைப் பல்லில் தேய்ப்போர் இன்றும் உண்டு. அது ஈறைக் கெடுப்பதோடு வாய்ப்புற்றுக்கும் வழிவகுக்கும்.

எங்கள் வீட்டில் இப்போது அடுப்பை அணைக்கும் முன் அம்மா ஒரு சொம்பு வெந்நீர் எடுத்து வைக்கிறார். அதில் தண்ணீர் கலந்து வெதுவெதுப்பாக்கி, அனைவரும் பல் துலக்கிவிட்டே படுக்கிறோம். குளிர் என்னும் சாக்கு ஒரு சொம்பு வெந்நீரில் தீர்ந்தது. பிடுங்கிய பல் இனி முளைக்காது. எஞ்சியவற்றையாவது காப்பேன். நண்பர்களே, நீங்கள் ஒன்றையும் இழக்கும் முன்பே, இன்றிரவே தொடங்குங்கள்.