முகமூடியணிந்த பாவலன்

‘மாட்வில்லனி’யைப் பல்லவி தேடிக் கேட்பவர் ஏமாறுவர். 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டோன்ஸ் த்ரோ நிறுவனம் வெளியிட்ட இந்த ஹிப்-ஹொப் இசைத்தட்டில் 22 உருப்படிகள். மொத்தம் 46 நிமிடங்களே. இசையமைத்தவர் மட்லிப். பழைய இசைத்தட்டுகளினின்றும் வெட்டியெடுத்த ஒலித்துண்டுகளை இணைத்து, அவ்விசையின் ஒரு பகுதியைப் பிரேஸில் நாட்டு விடுதியறையொன்றிலிருந்தே அமைத்தார். பாடியவர் எம்.எவ். டூம், உலோக முகமூடியால் முகத்தை மறைத்துக்கொண்டவர்.

வெளியீட்டுக்கு ஓராண்டுக்கு முன்பே முற்றுப்பெறாத பிரதியொன்று களவாக வெளியேறிற்று. பின்னர் அவர் குரலைத் தாழ்த்தி, தணிவாக மீண்டும் பாடினார். களவும் ஒரு நன்மை செய்தது என்பேன். அத்தணிந்த குரலிலேதான், சொல்லுக்குச் சொல் இயைபு தொடுத்து நடுவிலே நகையும் வசையும் செருகும் அவரது வித்தை செவிக்குப் புலனாகின்றது. யாப்பிலே முற்றியைபு பயிலும் மாணவர் இதனை ஒருமுறை கேட்டல் வேண்டும்.

டூம் 2020 ஒக்டோபரில் மறைந்தார். அச்செய்தியும் இரண்டு மாதம் மறைந்திருந்தே உலகை எட்டிற்று.