கம்ப்யூட்டரும் காரும் ஒரே லைனிலா? எம்.சி.பி.யை மாற்றும் முன் படியுங்கள்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் யு.பி.எஸ்., ஸ்டெபிலைசர் பற்றியெல்லாம் விசாரிக்கிறோம். ஆனால் அந்த மின்சாரம் வரும் மெயின் போர்டை யாரும் திறந்து பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை, வீட்டுக்கு எலெக்ட்ரிக் கார் வரும் வரை.

பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் வீடு பழையது. காரோடு கொடுத்த சிறிய சார்ஜரை வாசல் பக்க 16 ஆம்பியர் பிளக்கில் செருகினேன். ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடியது. பிறகு 'டப்' என்று எம்.சி.பி. விழுந்தது. உள்ளே கம்ப்யூட்டரும் அணைந்தது. பேட்டரி தேய்ந்த யு.பி.எஸ். கைகொடுக்கவில்லை. சேவ் செய்யாத இரண்டு பக்கம் போயே போய்விட்டது. மறுநாளும் இதே கதை.

வந்து பார்த்த எலெக்ட்ரீஷியன், "இந்தப் பதினாறை எடுத்துட்டு முப்பத்திரண்டு போட்டுட்டா டிரிப்பே ஆகாது சார்" என்றார். அவர் சொன்னது உண்மைதான், டிரிப் ஆகாது. அதுதான் ஆபத்து.

எம்.சி.பி. யாருக்குக் காவல்?

எம்.சி.பி. காப்பாற்றுவது காரையோ கம்ப்யூட்டரையோ அல்ல. சுவருக்குள் ஓடும் வயரை. வயர் தாங்கும் அளவுக்கு மேல் கரண்ட் போனால், அது சூடாகித் தீப்பிடிக்கும் முன் எம்.சி.பி. விழ வேண்டும். வயரை மாற்றாமல் எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கினால், காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டோம் என்று அர்த்தம்.

கணக்கைப் பாருங்கள். கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 200 வாட் என்றால் இழுப்பது ஒரு ஆம்பியருக்கும் குறைவு. எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் சார்ஜர் பெரும்பாலும் 3 முதல் 4 ஆம்பியர். காரின் 3.3 கிலோவாட் சார்ஜரோ ஏறக்குறைய 15 ஆம்பியர். அதுவும் மிக்ஸி போல ஐந்து நிமிடம் அல்ல, இரவு முழுக்க.

என் வீட்டில் போர்டிலிருந்து வாசலுக்கு 20 மீட்டர். போட்டிருந்தது 1.5 சதுர மில்லிமீட்டர் வயர். அதில் 15 ஆம்பியர் போனால் 7 வோல்ட் வழியிலேயே குறையும், சுமார் 110 வாட் வெப்பமாகச் சுவருக்குள் இறங்கும். 4 சதுர மி.மீ. வயர் என்றால் வெப்பம் 40 வாட் அளவுதான்.

சரி, 15 ஆம்பியருக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. ஏன் விழுந்தது? வீட்டு எம்.சி.பி.களின் அளவு 30 டிகிரி வெப்பத்துக்குக் கணக்கிடப்பட்டது. நெல்லைக் கோடையில், மூடிய போர்டுக்குள் அதைவிடச் சூடு அதிகம். அதனால் சொன்ன அளவுக்கு முன்பே விழுகிறது. வயரின் தாங்கும் சக்தியும் இதே வெயிலில் குறைகிறது என்பதை மறக்காதீர்கள்.

என்ன போடலாம்?

ஸ்கூட்டர் மட்டும்: நல்ல நிலையில் உள்ள 16 ஆம்பியர் பிளக்கே போதும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம்.

3.3 கிலோவாட் கார் சார்ஜர்: போர்டிலிருந்து தனி லைன். 4 சதுர மி.மீ. காப்பர் வயர், 20 ஆம்பியர் 'சி' வகை எம்.சி.பி. பிளக் பாயின்ட் தரமானதாக இருக்கட்டும். லூஸ் கனெக்‌ஷனால் பிளக் உருகினால் எம்.சி.பி.க்குத் தெரியாது. முதல் சில நாட்கள், சார்ஜரை நிறுத்தியவுடன் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் உடனே மாற்றுங்கள். 30 கிலோவாட்-மணி பேட்டரி நிரம்ப 9, 10 மணி நேரம் ஆகும். தூங்கி எழுந்தால் தயார்.

7.2 கிலோவாட் சுவர் சார்ஜர்: 32 ஆம்பியர் இழுக்கும். 40 ஆம்பியர் எம்.சி.பி., நம் வெயிலுக்கு 10 சதுர மி.மீ. வயர். அதற்கு முன் ஈ.பி. அலுவலகத்தில் உங்கள் இணைப்பின் லோடு எவ்வளவு என்று பார்த்து, தேவையானால் கூட்டிக் கொள்ளுங்கள். மற்றபடி, வீட்டு இணைப்பிலேயே வண்டிக்கு சார்ஜ் ஏற்றலாம் என்பதை மத்திய மின் அமைச்சகத்தின் 2022 ஜனவரி வழிகாட்டுதல் தெளிவாக்கிவிட்டது.

மூன்று ஃபேஸ் வீட்டுக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரு ஃபேஸ் போனால் சுவிட்சைத் திருப்பி எல்லாவற்றையும் இன்னொரு ஃபேஸில் போடுவது நம் வழக்கம். கார் சார்ஜ் ஏறும்போது அப்படிச் செய்யாதீர்கள்.

உயிருக்குக் காவல்

ஷாக்கிலிருந்து மனிதரைக் காப்பாற்றுவது எம்.சி.பி. அல்ல, ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும். கார் லைனுக்கு இதைத் தனியாகப் போடுங்கள். எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் சேர்ந்த ஆர்.சி.பி.ஓ.வும் கிடைக்கிறது. தனியாக இருந்தால், மழை நாளில் வாசலில் கசிவு ஏற்பட்டாலும் உள்ளே கம்ப்யூட்டர் அணையாது.

கடையில் 'ஏசி' வகை கொடுப்பார்கள். வாங்காதீர்கள். கார் சார்ஜரிலிருந்து டி.சி. கசிந்தால் அந்த வகைக்குக் கண் தெரியாது. சார்ஜருக்குள்ளேயே 6 மில்லி ஆம்பியர் டி.சி. கசிவுப் பாதுகாப்பு இருந்தால் 'ஏ' வகை போதும். இல்லாவிட்டால் 'பி' வகை. சார்ஜரின் கையேட்டில் இது இருக்கும்.

எர்த் சரியில்லாவிட்டால் பல கார்கள் சார்ஜ் ஏற மறுக்கும். கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தொட்டால் 'சுரீர்' என்கிறதா? உங்கள் எர்த்தைச் சந்தேகப்படுங்கள். கோடையில் எர்த் குழி காய்ந்து போகும், தண்ணீர் ஊற்றுங்கள்.

கடைசியாக உயரம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. தாமிரபரணி வெள்ளம் நெல்லை சந்திப்பு பஸ் நிலையம் வரை வந்தது. எனவே சார்ஜர், பிளக், போர்டு எல்லாம் அந்த வெள்ளம் தொட்ட மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். தண்ணீர் ஏறுமுன் மெயினை அணையுங்கள்.

நான் தனி லைன் இழுத்துவிட்டேன். அதன் பிறகு எம்.சி.பி. விழவில்லை. பக்கத்துத் தூத்துக்குடியிலேயே 2025 ஆகஸ்டில் எலெக்ட்ரிக் கார் தொழிற்சாலை திறந்தாகிவிட்டது. நாளை உங்கள் வாசலுக்கும் ஒரு கார் வரலாம். அதற்கு முன், லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை அழைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த எம்.சி.பி.க்குப் பின்னால் இருக்கும் வயர் எத்தனை சதுர மி.மீ.?" பதில் தெரியாமல் எதையும் மாற்ற விடாதீர்கள்.