பந்தயக் கார்களும் இரசிகர் கூட்டமும்

எதிர்காற்றில் நீங்கள் சைக்கிள் மிதித்திருக்கிறீர்களா? முன்னால் செல்லும் நண்பனை ஒட்டி மிதித்தால் கால்களுக்குப் பாரம் குறையும். அவன் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறான். அவன் விட்ட வழியில் நீங்கள் போகிறீர்கள். (லாரி, பஸ்ஸின் பின்னால் இதைச் செய்து பார்க்க வேண்டாம்!)

அமெரிக்காவில் ஸ்டாக் கார் பந்தயம் கோடிக்கணக்கான இரசிகர்களைப் பெற்றதிலும், பின்னர் அவர்களில் பலரை இழந்ததிலும் இந்தக் காற்றுக்குப் பங்கு உண்டு. அதைப் பார்ப்போமா?

ஸ்டாக் கார் என்றால் என்ன?

கடையில் விற்பனைக்கு நிற்கும் சாதாரணக் கார் என்பதே இதன் பொருள். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கள்ளச்சாராயம் கடத்தியவர்கள், போலீசாரிடமிருந்து தப்பத் தங்கள் கார் எஞ்சின்களை வலுவாக்கினர். அவர்களில் சிலர் பந்தயத்திலும் இறங்கினர். 1948-ல் 'நாஸ்கார்' என்ற அமைப்பு தோன்றியது. பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டும் அதே வகைக் கார் பந்தயத்திலும் ஓடியதால் மக்களுக்கு அதன்மேல் பற்று ஏற்பட்டது. இன்றைய பந்தயக் கார்களோ பந்தயத்துக்கென்றே செய்யப்படுபவை. தோற்றம் மட்டுமே கடைக் காரை ஒத்திருக்கும்.

காற்று செய்த உதவி

1959-ல் புளோரிடா மாநிலத்தின் டேடோனாவில் ஒரு பெரிய ஓடுதளம் திறக்கப்பட்டது. ஒரு சுற்று 4 கிலோமீட்டர். வேகமாகத் திரும்பும் கார் வெளிப்புறம் வழுக்கிவிடாமல் இருக்க, திருப்பங்களில் தளம் 31 டிகிரி சாய்வாக அமைக்கப்பட்டது. மறு ஆண்டு அங்கே ஜூனியர் ஜான்சன் என்ற வீரர், மற்றவர்களுடையதைவிட வேகம் குறைந்த காரில் ஓடினார். வேகமான கார்களின் பின்னால் ஒட்டிச் சென்றபோது தம்முடைய காரும் அதே வேகத்தில் போவதைக் கண்டார். பந்தயத்தில் வென்றவரும் அவரே!

காரணம் இதுதான். ஓடும் காரின் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. அந்த இடத்தில் நுழையும் அடுத்த காருக்குக் காற்றுத் தடை குறைவு. அது நெருங்கி வருவதால் முன்காரைப் பின்னுக்கு இழுக்கும் விசையும் குறைகிறது. எனவே இரண்டும் சேர்ந்து, தனியே ஓடுவதைவிட வேகமாக ஓடுகின்றன. கார்கள் கூட்டமாக ஓடுவதால், வெல்பவர் யார் என்பது கடைசிச் சுற்றுவரை தெரியாது.

1979-ல் டேடோனா 500 பந்தயம் முதன்முறையாகத் தொடக்கம் முதல் முடிவுவரை தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டப்பட்டது. அன்று அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கடும் பனிப்பொழிவு. பலர் வீட்டிலேயே அடைந்து கிடந்தனர். கடைசிச் சுற்றில் முன்னணியில் இருந்த இருவரும் மோதிக்கொள்ள, பின்னால் வந்த ரிச்சர்டு பெட்டி வென்றார். நாடெங்கும் புதிய இரசிகர்கள் உண்டாயினர்.

காற்று செய்த இடையூறு

1990-களில் 2.4 கிலோமீட்டர் நீளமுள்ள ஓடுதளங்கள் பல தோன்றின. நார்த் வில்க்ஸ்பரோ போன்ற சிறிய, பழைய தளம் 1996-ல் தன் பந்தயங்களை இழந்தது.

ஒரு பெட்டியின்மேல் ஒருவர் உட்கார்ந்துகொண்டால் அதைத் தரையில் தள்ளுவது கடினம் அல்லவா? அதுபோல, மேலே பாயும் காற்று காரைக் கீழே அழுத்துவதால் சக்கரங்கள் தரையைப் பற்றிக்கொள்கின்றன. இந்தத் தளங்களின் திருப்பங்களில் அந்தப் பிடிப்பு மிகவும் தேவை. ஆனால் முன்கார் காற்றைக் கலைத்துவிடுகிறது. கலைந்த காற்றில் சிக்கும் பின்கார் பிடிப்பை இழந்து வேகத்தைக் குறைக்கிறது. முந்துவது அரிதாகி, பந்தயம் ஊர்வலம்போல் ஆகிவிடுகிறது.

காரணம் ஒன்றுதானா?

2006-ல் டேடோனா 500 பந்தயத்தைத் தொலைக்காட்சியில் சராசரியாக 1 கோடியே 90 லட்சத்துக்கு மேற்பட்டோர் பார்த்தனர். 2023-ல் பார்த்தவர்கள் சுமார் 80 லட்சம். 2016-ல் புதுப்பித்து முடித்தபோது டேடோனாவின் இருக்கைகள் சுமார் 1,47,000-லிருந்து சுமார் 1,01,500 ஆகக் குறைக்கப்பட்டிருந்தன.

இதற்குக் காற்று ஒன்றே காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2004-ல் சாம்பியனைத் தேர்ந்தெடுக்கும் விதி மாறியது. பழைய இரசிகர் பலருக்கு அது பிடிக்கவில்லை. 2008-ன் பொருளாதார நெருக்கடியில் பலர் பயணச் செலவைக் குறைத்தனர். தொலைக்காட்சி பார்க்கும் பழக்கமே மாறியது. ஒரு வரைகோடு இறங்குவதைக் காணும்போது எல்லாக் காரணங்களையும் பட்டியலிடுவதே அறிவியல் முறை.

அந்த வரைகோடு காட்டாத ஒன்றும் உண்டு. 2001-ல் டேடோனா பந்தயத்தின் கடைசிச் சுற்றில், புகழ்பெற்ற டேல் எர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்தார். அதன்பின் கழுத்தைக் காக்கும் கருவி கட்டாயமாயிற்று. மோதலின் விசையை உள்வாங்கும் சுவர்கள் வந்தன. அதற்குப் பிறகு நாஸ்காரின் முதல்நிலைப் பந்தயம் எதிலும் வீரர் எவரும் உயிரிழக்கவில்லை.

2022-ல் வந்த புதிய கார், அடிப்புறம் பாயும் காற்றையும் பிடிப்புக்குப் பயன்படுத்துகிறது. 2023-ல் நார்த் வில்க்ஸ்பரோவில் மீண்டும் எஞ்சின்கள் முழங்கின. போன கூட்டம் முழுவதும் திரும்பிவிடவில்லை. ஆனால் இன்று இரசிகர்கள் கைதட்டும் வீரர், பந்தயம் முடிந்து நலமாக வீடு திரும்புகிறார். இதுவும் ஒரு வெற்றிதானே!